டயரும் பாஸ், சக்கரமும் பாஸ்

டயருக்குத் தீ வைத்து மாட்டுவதை எதுக்கும் மாமா அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார். சக்கரக் கடைக்காரர் அகலமான சக்கரம் ஒன்றைத் தரையில் படுக்கப் போட்டார். அதன்மேல் ஒல்லியான டயர் ஒன்றை வைத்தார். எட்டாது என்று பார்த்தாலே தெரிந்தது. தம்பி சட்டையை அண்ணனுக்கு மாட்டுகிற கதைதான். கடைக்காரர் அசரவில்லை. உள்ளே எதையோ பீச்சினார், ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். டப்! அடேயப்பா, கடையே ஒரு தரம் குலுங்கிப்போனது. புகை விலகிப் பார்த்தால், டயர் சக்கரத்தின் இரண்டு ஓரத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தது.

“ஏறிடுச்சா?” என்றார் மாமா, ஓடிப்போய் நின்ற இடத்திலிருந்து.

“ஏறிடுச்சு சார்.”

“இறங்காதே?”

“ஏத்துறதுக்குத்தான் சார் காசு வாங்கியிருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுத்த டயரை எடுக்கப் போனார்.

டயர் மாட்டக் கொண்டுவந்த கார் மாமாவுடையது அல்ல, மாப்பிள்ளையுடையது. மாப்பிள்ளை போனை நீட்டி, தீ வைத்த காட்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தாழ்த்திக் கட்டிய வண்டி, வெளியே பிதுங்கிய சக்கரம், அதன்மேல் இழுபட்டு உள்ளுக்குள் சரிந்து போன டயர். அதுதான் இப்போது பாஷனாம்.

எதுக்கும் மாமா என்பது ஊர் வைத்த பெயர். மருந்துக்கடையில் வேலை. மாத்திரை அட்டையில் தேதியை மூன்று தரம் பார்க்காமல் கொடுக்க மாட்டார். வீட்டைப் பூட்டி, பூட்டைத் தொங்கிப் பார்த்து, தெருமுனை வரைக்கும் போய், “எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று திரும்பி வருவார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே யோசித்தால்தான் வரும். இப்படிப்பட்ட மனுஷருக்கு இப்படிப்பட்ட மாப்பிள்ளை. விதி என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

சும்மா இருந்திருப்பார். ஆனால் மகளுக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி பைபாஸ் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அந்த நாலு டயர் மேல்தான் அவள் போக வேண்டும், பச்சைக் குழந்தையோடு அந்த நாலு டயர் மேல்தான் திரும்பி வர வேண்டும். நினைத்தாலே மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“மாப்பிள்ளை, கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க” என்று அன்று மாலையே ஆரம்பித்தார். “அகலமான சக்கரத்துக்கு அகலமான டயரே போட்டா என்ன?”

“அப்படிப் போட்டா மத்தவங்க வண்டி மாதிரி ஆயிடும் மாமா.”

“மத்தவங்க வண்டியெல்லாம் நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும். யாரு திரும்பிப் பாக்குறாங்க?”

“ஆஸ்பத்திரிக்குப் போறவளை எதுக்குங்க திரும்பிப் பாக்கணும்?”

மகள் குறுக்கே வந்தாள். “அப்பா, எங்க கல்யாண மேடை தாங்குமான்னு முதல் நாளே ஏறிக் குதிச்சுப் பாத்தவர் நீங்க. அவர் ஆசைப்பட்டுப் போட்டிருக்கார். விடுங்களேன்.”

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. சாவியை எடுத்து மாமா முன்னால் வைத்தார். “தகுதி ஆய்வு ஆபீஸ் இருக்குல்ல? நீங்களே கொண்டு போய்க் காட்டுங்க. அவங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னிக்கே கழட்டிடறேன். சரின்னுட்டா, அப்புறம் டயர்ங்கற பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மாமா நினைத்தார். அரசாங்க ஆபீஸ் ஆயிற்றே, ஒரு குறையும் இல்லாத வண்டியிலேயே குறை கண்டுபிடிக்கிறவர்கள், இதை விடுவார்களா? சம்மதம் என்று சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் அவர் ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, சொல்லி மாளாது. சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, அலுத்துப்போய்த் திரும்பிவிட்டது.

வாகனத் தகுதி ஆய்வகத்தின் வாசலில், ஆள் உயரப் பலகையில் ‘ஐயமே ஆபத்து’ என்று எழுதியிருந்தது. மாமா எதுக்கும் இன்னொரு தரம் படித்துப் பார்த்தார். காவலாளி ஜன்னலோரம் குனிந்தார்.

“பாஸ் வாங்கவா?”

“இல்லீங்க. ஃபெயில் வாங்க.”

காவலாளி சட்டென்று நிமிர்ந்தார். தெருவின் இரண்டு முனையையும் பார்த்தார். மாமாவின் தண்ணீர் பாட்டிலை வாங்கி முகர்ந்து, மாமாவையே முதலில் ஒரு வாய் குடிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தார்.

“உங்களை யாரு அனுப்பினது?”

“யாரும் அனுப்பலை. இது என் மாப்பிள்ளை வண்டி.”

“மாப்பிள்ளையோட தகராறா?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“பின்ன எவனாவது ஃபெயில் கேட்டு வருவானா? உண்மையைச் சொல்லுங்க.”

“டயர் கழண்டுக்குமோன்னு ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.”

“சந்தேகமா?” காவலாளி குரலைத் தாழ்த்தினார். “அதை உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது சார். பலகையைப் பாத்தீங்கல்ல? அதை இங்கேயே விட்டுட்டுப் போங்க, திரும்பி வரும்போது பாத்துக்கலாம்.”

விட்டுவிட்டதாகத் தலையாட்டித்தான் மாமா உள்ளே போக முடிந்தது.

முதலில் டயர் பிரிவு. அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் டயரைப் பார்க்கவில்லை. முதலில் ஒரு கறுப்புத் துணியை எடுத்துச் சக்கரத்தின் மேல் போர்த்தி, ஓரங்களை நன்றாக இழுத்துவிட்டு, டயர் மட்டும் தெரிகிற மாதிரி செய்தார். அப்புறம்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“துணி எதுக்குங்க?” என்றார் மாமா.

“சக்கரம் பக்கத்து ஹால் பிரிவு சார். அடுத்த பிரிவு சாமானை நாங்க பாத்தா அத்துமீறல் ஆயிடும். இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு சக்கரத்தைக்கூட நான் கண்ணால பாத்ததில்லை. வீட்டு வண்டியிலகூடச் சக்கரத்தை என் மனைவிதான் துடைப்பாங்க.” சொல்லும்போதே அதிகாரிக்குக் குரல் தழுதழுத்தது. “டயர் அருமையான டயர். புதுசு. வெடிப்பில்லை, கீறலில்லை. பாஸ்.”

“சார், டயர் நல்ல டயர்தான், நான் இல்லேங்கலை. அது சக்கரத்துல உக்காந்திருக்கற இடத்தை...”

“அது துணிக்கு அடியில இருக்கு. எனக்கு எப்படி சார் தெரியும்?”

கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் விழுந்தது. அடுத்தது சக்கரப் பிரிவு. அங்கே இருந்த அதிகாரி இன்னொரு கறுப்புத் துணியால் டயரை மூடினார். அந்தத் துணியும் ஓரத்தைத் தாண்டி ஒரு விரற்கடை உள்ளே வந்தது. ஆக, சக்கரமும் டயரும் சேர்கிற அந்த ஓரத்தை இரண்டு துணியும் மாற்றி மாற்றி மூடின. மாமா குனிந்து பார்த்தார், எழுந்து பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அந்த இடத்துக்கு நாதி இல்லை.

“சக்கரம் தங்கம்” என்றார் சக்கர அதிகாரி. “பாஸ்.”

“ரெண்டும் சேர்ற இடத்தை யாருங்க பாப்பாங்க?”

“ரெண்டும் சேர்ந்தா அது குடும்ப விவகாரம் மாதிரி சார். வெளியாளு தலையிடக் கூடாது.” சொல்லிவிட்டு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். “ஆமா, அந்த டயர் பிரிவு ஆளுதானே இதைக் கேக்கச் சொல்லி உங்களை அனுப்பினான்?”

மாமாவுக்குத் தலை சுற்றியது. இது நிஜ ஆபீஸ்தானா, அல்லது சக்கரக் கடைக்காரரின் சொந்தக்காரர்கள் யாராவது வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்களா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனது ஆகட்டும் என்று மாடியேறி இயக்குநரையே பார்க்கப் போனார்.

இயக்குநரின் அறை பளபளவென்று இருந்தது. சுவரெல்லாம் அவர் யார் யாருக்கோ பரிசு கொடுக்கிற படங்கள். ஒன்றில் அவரே அவருக்குக் கொடுப்பது மாதிரியும் தெரிந்தது. மாமா எல்லாவற்றையும் சொன்னார். நிறைமாத மகள், பைபாஸ் சாலை, தீ வைத்து ஏற்றிய டயர், இரண்டு கறுப்புத் துணி. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று மாமா சந்தேகப்பட்ட நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“பெரியவரே, நாங்க ஒரு பெரிய ஆராய்ச்சி பண்ணினோம். விபத்துல மாட்டித் தப்பிச்சவங்களையெல்லாம் கூப்பிட்டு, மோதறதுக்கு முந்தின நிமிஷம் உங்க மனசுல என்ன இருந்துதுன்னு கேட்டோம். ஒருத்தர் விடாம என்ன சொன்னாங்க தெரியுமா? ‘வண்டி மேல ஒரு சந்தேகம் வந்துது சார்’னாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, விபத்துக்குக் காரணம் என்ன?”

“வண்டி...”

“சந்தேகம்! அன்னியிலேருந்து இந்த நிறுவனம் சந்தேகத்தை ஒழிக்கறதையே லட்சியமா எடுத்துக்கிச்சு. வர்ற வண்டிக்கெல்லாம் பாஸ். ஜனங்க நிம்மதியாப் போறாங்க.”

“போயி சேர்றாங்களா சார்?”

“அது புள்ளிவிவரத் துறை.” இயக்குநர் எழுந்து ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார். “அடடா, என்ன அழகு! இவ்வளவு அழகான வண்டியை யாராவது கொண்டு போய் மோதுவாங்களா? தோற்றம்தான் பெரியவரே பாதுகாப்போட முதல் படி.”

“நாம மோத வேண்டாம் சார். அதுவே கழண்டுக்கும். ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன்.”

“ஓடற வண்டியைச் சோதிக்கற வழக்கம் இங்க இல்லை. ஓடிக்கிட்டே இருந்தா எங்க பிடிச்சு சோதிக்கறது? நிக்கற வண்டிதான் கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லும்.” ஆனால் மாமாவின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. “சரி. உங்க வியாதி முத்திப் போச்சு. எல்லார் முன்னாலயும் நானே ஓட்டிக் காட்டறேன். வண்டிச் சொந்தக்காரரையும் கூப்பிடுங்க, சாட்சி வேணும்.”

மகளுக்கு அன்று சாயங்காலம் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள். அப்படியே போய்க்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை அவளையும் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். அதற்குள் ஆபீசே பின்புற மைதானத்தில் திரண்டுவிட்டது. மகளுக்கு நிழலில் ஒரு நாற்காலி போட்டார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியைக் கிளப்பினார்.

“அன்பார்ந்த ஊழியர்களே!” ஜன்னல் வழியாகப் பேச்சு தொடங்கிவிட்டது. “ஒரு தனி மனிதரின் ஐயம் எப்படி ஒரு நல்ல டயரின் பெயரைக் கெடுக்கிறது என்பதை...”

முதல் சுற்று மெதுவாகத்தான் போனார். ஒன்றும் ஆகவில்லை. மாப்பிள்ளை மாமாவைப் பார்த்துச் சிரித்தார். கைதட்டல் எழுந்தது. கைதட்டல் கேட்டதும் இயக்குநருக்குக் கால் கொஞ்சம் அழுந்தியது. இரண்டாவது சுற்றில், வளைவில், புஸ் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. முன்சக்கரத்து டயர் பழத்தோல் மாதிரி உரிந்து தனியே உருண்டு போய்ச் சுவரோரம் படுத்துக்கொண்டது. வெறும் சக்கரம் சிமெண்டைக் கீறிக்கொண்டு இழுக்க, வண்டி அரைச் சுற்றுச் சுற்றிப் பூப்பாத்திக்குள் நின்றது.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். மாமா மனசுக்குள் அந்த இருக்கையில் மகளை வைத்து ஒரு நொடி பார்த்துவிட்டார் பாவம், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. ஒருத்தருக்கும் அடி இல்லை, இனிமேல் யாரும் மறுக்க முடியாது, டயர் இன்றைக்கே கழன்றுவிடும்.

இயக்குநர் சட்டையில் ஒட்டிய இதழ்களைத் தட்டிக்கொண்டு இறங்கினார். ஒலிபெருக்கி இன்னும் கையில்தான் இருந்தது. “உடனடி விசாரணை!” என்றார்.

டயர் அதிகாரி சுவரோரம் ஓடினார். டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “சார், இப்பத்தான் துணியே போடாம முழுசாப் பாக்க முடியுது. ஒரு கீறல் இல்லை. டயர் பாஸ்!”

சக்கர அதிகாரி பூப்பாத்தியில் மண்டியிட்டார். “ஓரத்துல லேசா சிராய்ப்பு சார். அது தரையோட குத்தம். தரை நம்ம பிரிவு கிடையாது. சக்கரம் பாஸ்!”

“கேட்டீங்களா?” இயக்குநர் மாமாவின் பக்கம் திரும்பினார். “ரெண்டும் ஒண்ணா இருந்தவரைக்கும் உங்களுக்குச் சந்தேகம் இருந்துது. தனித்தனியா வந்ததும் எல்லாம் தெளிவாயிடுச்சு. ரெண்டுமே குத்தமில்லாத பொருள். அப்ப விபத்துக்கு என்ன காரணம்? நான் ஓட்டிக்கிட்டிருக்கும்போது ஓரமா நின்னு ஒருத்தர் சந்தேகமாவே பாத்துக்கிட்டிருந்தார். நானே கவனிச்சேன்.”

ஊழியர்கள் எல்லாரும் மாமாவைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த இயக்குநர் ஒருபடி மேலே போய், ஓரமாக நின்று பார்த்தவரைக் கோணல் என்கிறார். மூன்றாவது ஸ்டிக்கர், எல்லாவற்றையும்விடப் பெரியது, கண்ணாடியின் நடுவில் விழுந்தது.

டயர் உரிந்தபோது மாப்பிள்ளையின் முகம் வெளுத்துத்தான் போயிருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்ததும் கொஞ்சம் நிறம் திரும்பியது. “பாத்தீங்களா மாமா, பாஸ்” என்றார். குரல் என்னவோ நேற்றைய குரலாக இல்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் பாஸான பிறகு எப்படிப் பின்வாங்குவது? சக்கரக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் வந்து மறுபடியும் தீ வைத்தார். டப்! டயர் ஏறிவிட்டது.

இனி மாமா டயர் பேச்சை எடுக்கக் கூடாது. வார்த்தை கொடுத்தாயிற்று. கடைசியில் வேலிக்கு ஓணான் சாட்சி சொல்லிவிட்டதே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. மகள் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது, கதவைச் சாத்த முடியாமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“கையை எடுங்கப்பா, டாக்டர் போயிடுவாங்க” என்றாள் மகள். அவளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஆபீஸ் விடுகிற நேரம். எல்லாரும் வாசல் கூரைக்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இயக்குநரின் வண்டி அன்றைக்குப் பழுது பார்க்கப் போயிருந்தது. மாப்பிள்ளைக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது, ஜன்னலை இறக்கினார்.

“சார், வாங்க! பைபாஸ் வழியாத்தான் போறேன், வீட்டுல விட்டுடறேன்.”

இயக்குநர் வானத்தைப் பார்த்தார். “வேணாம் தம்பி. எனக்கு மழைன்னா உயிர்.”

“நீங்க வாங்க சார்” என்று டயர் அதிகாரியைக் கூப்பிட்டார்.

“நான் டயர் பிரிவு தம்பி. வண்டியில ஏறினா சக்கரத்து மேலயும் ஏறின மாதிரி ஆயிடும். விதி இடம் கொடுக்காது.”

“நீங்க?”

“எனக்கு நடக்கற தூரம்தான்” என்றார் சக்கர அதிகாரி.

“எங்க சார் வீடு?”

“பைபாஸ் தாண்டி... ரயில்வே கேட்டும் தாண்டி... கொஞ்சம் உள்ள போகணும்.”

கூரைக்கு அடியில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஒரு குமாஸ்தா குடை இல்லாமலே மழையில் இறங்கி ஓட்டம் பிடித்தார். மாப்பிள்ளையின் கை ஸ்டியரிங்கின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

இயக்குநர் நனைந்துகொண்டே ஜன்னலருகே வந்தார். மிகவும் பிரியமாகத்தான் பேசினார். “தம்பி, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. வண்டியைக் கொஞ்சம் சீக்கிரம் நம்ம வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் எடுத்துடுங்க. எது ஆனாலும் வெளியில ஆகட்டும். உள்ள ஆனா எங்களுக்குத்தான் கெட்ட பேரு.”

பின் கதவு திறந்தது. மகள் ஒரு கையால் கதவையும் மறு கையால் அப்பாவையும் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

“எங்கம்மா இறங்கற?” என்றார் மாப்பிள்ளை.

“பாஸ் போட்டவங்களே ஏற மாட்டேங்கறாங்க. நான் எதுக்குங்க ஏறணும்? நான் ரெண்டு உசுரு.”

மாப்பிள்ளை கண்ணாடியில் இருந்த மூன்று ஸ்டிக்கரையும் பார்த்தார். எஞ்சினை அணைத்தார், இறங்கினார். சாவியை இயக்குநரிடம் நீட்டினார். “நீங்களே வெளியில எடுத்து விட்டுடுங்க சார். பாஸான வண்டிதானே?”

இயக்குநர் ஓர் அடி பின்னால் போனார். டயர் அதிகாரி சக்கர அதிகாரியைப் பார்த்தார். சக்கர அதிகாரி காவலாளியைப் பார்த்தார். காவலாளி, டூட்டி முடிந்துவிட்டது என்று தொப்பியைக் கழற்றினார். நீட்டிய சாவியை வாங்க அந்தக் கூட்டத்தில் ஒரு கைகூட வரவில்லை. மாப்பிள்ளை சாவியை வண்டியின் மேலேயே போட்டுவிட்டு, உள்ளே கிடந்த குடையை எடுத்து மனைவிக்குப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். மாமா பின்னாலேயே நடந்தார்.

ஒரு டாக்ஸி வந்து நின்றது. மகள் கதவில் கை வைத்தாள். “கொஞ்சம் இரும்மா” என்றார் மாப்பிள்ளை. சேற்றில் ஒரு முட்டியை ஊன்றிக் குனிந்தார். முன்டயரின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். சுற்றி வந்து மற்ற மூன்றையும் பார்த்தார்.

டிரைவருக்குக் கோபம் வந்துவிட்டது. தலையை வெளியே நீட்டினார். “என்ன சார் இது? என் வண்டி மேல சந்தேகமா?”

“ஆமாங்க” என்றார் மாப்பிள்ளை.